மகளின் கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்கிறார்கள்

கரூர் அம்மா:

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. மூளை முடக்குவாதம். நடக்க மாட்டாள், பேச மாட்டாள். வலிப்புக்கு இரண்டு மருந்து. பசித்தால் சப்புக்கொட்டுவாள், வலித்தால் இடது கையைக் கடிப்பாள். எங்களுக்குள் இருக்கும் மொழி அவ்வளவுதான். போன மாதம் வயதுக்கு வந்துவிட்டாள்.

என் அக்கா மகளுக்குப் பந்தல் போட்டு, தாய்மாமன் சீர் வைத்து, ஊரைக் கூட்டிச் சோறு போட்டார்கள். என் மகளுக்கு மூன்றாம் நாளே மாமியார் சொன்னது, “கர்ப்பப்பையை எடுத்துவிடு, உனக்கும் நிம்மதி.” நாங்கள் பார்க்கும் மருத்துவரும், பெற்றோர் கையெழுத்துப் போட்டால் செய்துவிடலாம் என்கிறார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரத்தம் எனக்குப் பெரிய வேலை இல்லை. எப்படியும் நாளைக்கு ஐந்து முறை டயபர் மாற்றுகிறேன். என்னைத் தூங்கவிடாதது வேறு. நான் செத்த பிறகு எவனாவது அவள் மேல் கை வைத்தால்? அந்தப் பயத்துக்கு அவள் வயிற்றைக் கிழிப்பது சரியா என்றுதான் கேட்கிறேன்.

பழைய ஆசிரியை:

சகோதரி, என் மகளுக்கு 26. இதே பேச்சை நானும் கேட்டவள்.

கர்ப்பப்பையை எடுத்தால் கர்ப்பம்தான் நிற்கும். கை வைக்க நினைப்பவன் நிற்க மாட்டான். வெளியே தெரியப்போவதில்லை என்று அவனுக்குத் துணிச்சல்தான் கூடும். யார் குளிப்பாட்டுகிறார்கள், யாருடன் தனியாக விடுகிறோம் என்ற கணக்குத்தான் அந்தப் பயத்துக்கு மருந்து. அதுவும் முழு மருந்து இல்லை, தெரியும்.

வலிப்பைக் காட்டியும் பயமுறுத்தியிருப்பார்களே? மாதவிடாயை ஒட்டிச் சிலருக்கு வலிப்பு கூடுவது உண்மை. ஆனால் அது சினைப்பையில் சுரக்கும் ஹார்மோனின் வேலை. கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் அது மாறாது. சினைப்பையையும் சேர்த்து எடுத்தால் எலும்பு மெலியும். காலூன்றி நிற்காத பிள்ளைகளுக்கு எலும்பு முன்பே மெலிந்திருக்கும். என் மகளுக்கு ஒருமுறை டயபர் மாற்றும்போதே தொடை எலும்பு முறிந்தது.

நாங்கள் கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனத்தைத் தேர்ந்தெடுத்தோம். மயக்கம் கொடுத்து வைத்தார்கள். முதல் சில மாதங்கள் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டே இருந்தது, பிறகு ஏறக்குறைய நின்றுவிட்டது. வேண்டாம் என்றால் வெளியே எடுத்துவிடலாம். எடுத்த கர்ப்பப்பையைத் திரும்ப வைக்க முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி பற்றிச் சொன்னால், அதனால் எலும்பு மெலியுமா என்று கேளுங்கள். மாத்திரை என்றால் வலிப்பு மருந்துச் சீட்டை மறக்காமல் காட்டுங்கள். ஃபெனிட்டாய்ன், கார்பமசெபைன் எல்லாம் கருத்தடை மாத்திரையின் வீரியத்தைக் குறைத்துவிடும்.

மதுரை அப்பா:

நான் 2008இல் செய்துவிட்டேன். மனைவி இல்லை. வளர்ந்த மகளை அந்த நாட்களில் கழுவிவிட ஒவ்வொரு மாதமும் என் அக்கா திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏறி வருவாள். அவளுக்கும் முடியாமல் போனபோது கையெழுத்துப் போட்டேன். வீட்டில் நான்கு பேர் இருப்பவர்கள் எனக்குத் தர்மம் சொல்ல வேண்டாம்.

ஆனால் ஒன்று. அறுவைக்குப் பிறகு நான்கு நாள் அழுதாள். எதற்காக வலிக்கிறது என்று அவளுக்குப் புரியவைக்க என்னிடம் வழி இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு அழுதாள். ஆசிரியை சொல்லும் சாதனத்தைப் பற்றி அன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வழக்கறிஞர்:

கையெழுத்து மட்டும் போதாது, அம்மா. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 10: மலட்டுத்தன்மை உண்டாக்கும் எந்த மருத்துவச் செயலையும், சம்பந்தப்பட்டவரே விவரம் தெரிந்து விருப்பத்துடன் சம்மதிக்காமல் செய்யக் கூடாது. பெற்றோருக்கு அங்கே விலக்கு எழுதப்படவில்லை. மதுரைக்காரர் செய்தபோது இந்தச் சட்டம் இல்லை.

1994இல் மகாராஷ்டிரத்தில் ஷிரூர் அரசு விடுதியிலிருந்த மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்கு, மாதவிடாய்ச் சுத்தத்தைக் காரணம் காட்டிக் கர்ப்பப்பையை அகற்றினார்கள். பெண்கள் அமைப்புகள் கொதித்தெழுந்த பிறகே நிறுத்தினார்கள். அது விடுதி, பெற்றோர் அல்ல என்பீர்கள். அமெரிக்காவில் சியாட்டிலில் 2004இல் நடக்கவோ பேசவோ முடியாத ஆறு வயதுச் சிறுமிக்குப் பெற்றோரே கேட்டுச் செய்தார்கள்: கர்ப்பப்பையையும் மார்பக மொட்டுகளையும் எடுத்து, உயரம் கூடாமலிருக்க ஈஸ்ட்ரோஜனும் கொடுத்தார்கள். சிறிய உடம்பாக இருந்தால் தூக்கிக்கொண்டு எங்கும் போகலாம் என்பது அவர்கள் வாதம். அன்பில்லாதவர்கள் என்று என்னால் சொல்ல முடியாது. மருத்துவமனையின் அறநெறிக் குழுவும் ஒப்புக்கொண்டிருந்தது. ஆனாலும் நீதிமன்ற ஆணை இல்லாமல் கர்ப்பப்பையை எடுத்தது சட்டமீறல் என்று 2007இல் விசாரணை சொன்னது. மருத்துவமனையும் அதை ஏற்றது. பெற்றோரும் மருத்துவரும் ஒரே பக்கம் நிற்கும்போது பிள்ளையின் பக்கம் நிற்க யார் இருக்கிறார்கள்?

உங்களுக்குப் பிறகு என்ன என்ற கேள்விக்கு: அவளுக்குப் பதினெட்டு முடிந்ததும் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் பாதுகாவலர் நியமனத்துக்கு விண்ணப்பியுங்கள். யார் என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

கரூர் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. மதுரை அண்ணா, உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த நான்கு நாளைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

வேறொரு மகப்பேறு மருத்துவரிடம் சனிக்கிழமை போகிறோம். மருந்துச் சீட்டை எடுத்து வைத்துவிட்டேன். மாமியார் பேசுவதில்லை.

நேற்று என் தம்பி போன் செய்தான். பந்தல் எல்லாம் வேண்டாம், பட்டுப்பாவாடை மட்டும் வாங்கி வருகிறேன், என்ன அளவு என்று கேட்டான். சக்கர நாற்காலியில் சிக்காத அளவுக்கு, முழங்காலுக்குச் சற்றுக் கீழே என்று சொல்லியிருக்கிறேன்.