நான்கு மாத லேப்ரடார் குட்டிக்கு எவ்வளவு உணவு போதும்?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு ஆண் லேப்ரடார் குட்டிக்கு நான்கு மாதம் முடிந்துவிட்டது. எடை 12 கிலோ. காலையிலும் இரவிலும் கடையில் வாங்கும் உலர் தீனி, மதியம் கோழிக்கறி பிசைந்த தயிர்சோறு, இவற்றுக்கு நடுவே பாலும் மாரி பிஸ்கட்டும் கொடுக்கிறோம். இவ்வளவும் தின்ற பிறகும், யார் சமையலறைக்குள் நுழைந்தாலும் பின்னாலேயே வந்து நின்று முகத்தைப் பார்க்கிறது. "வளர்ற பிள்ளைக்கு அளவு பார்க்கலாமா, வயிறாரப் போடு" என்கிறார் என் மாமியார். தடவினால் விலா எலும்பு தட்டுப்படுவதால், குட்டி இளைத்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். குட்டியைக் கொடுத்தவரோ, கால்கள் உறுதியாக வளர ஒரு வயது வரை கால்சியம் சிரப்பை நிறுத்தவே கூடாது என்று சொல்லி அனுப்பினார். ஒரு நாளைக்கு எவ்வளவு உணவு போதும், இந்த சிரப் தேவைதானா, எடை சரியாக இருக்கிறதா என்பதை எதை வைத்து அறிவது?

பதில் (கால்நடை மருத்துவர், நாமக்கல்):

விலா எலும்பு கைக்குத் தட்டுப்படுவது நல்ல அறிகுறி, அம்மா. உங்கள் உள்ளங்கையைக் கீழ்நோக்கி விரித்து வைத்துக்கொண்டு, மறு கை விரல்களால் புறங்கையின் எலும்புகளைத் தடவிப் பாருங்கள். குட்டியின் விலாவும் அப்படித்தான் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கியும், பக்கவாட்டில் பார்த்தால் வயிறு பின்கால்களை நோக்கி ஏறியும் இருந்தால், ஒன்பது படிகள் கொண்ட உடல்நிலை மதிப்பெண்ணில் அது 4 அல்லது 5 என்ற சரியான இடத்தில் இருக்கிறது என்று பொருள். தராசு காட்டும் எண்ணைவிட இதையே நான் நம்புவேன்.

உணவின் அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. எடையை மூன்று முறை பெருக்கி (12 × 12 × 12), வந்த விடைக்கு இருமுறை வர்க்கமூலம் எடுத்து, அதை 70 ஆல் பெருக்கினால், ஓய்வில் இருக்கும் உடலுக்குத் தேவையான கிலோகலோரி கிடைக்கும். உங்கள் குட்டிக்கு அது சுமார் 450. நான்கு மாதம் வரை இதைப் போல மூன்று மடங்கும், அதன் பிறகு ஏறத்தாழ இரண்டு மடங்கும் தேவை என்பதால், இப்போது 900 கிலோகலோரியிலிருந்து தொடங்கி, விலாவைத் தடவிப் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். தீனிப் பையில் 100 கிராமுக்கு 370 கிலோகலோரி என்று அச்சிட்டிருந்தால், வேறு எதுவும் கொடுக்காதபோது நாள் முழுவதற்கும் 245 கிராம் வரும். அதை மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு வேளை போதும்.

கால்சியம் சிரப்பை, உங்கள் மருத்துவர் குறிப்பிட்ட காரணத்துக்காக எழுதிக் கொடுத்திருந்தாலொழிய, நிறுத்திவிடுங்கள் என்றே சொல்வேன். வளர்ந்த நாயின் குடல் தேவைக்கு மிஞ்சிய கால்சியத்தைப் பெருமளவு உட்கொள்ளாமல் விட்டுவிடும். ஏறத்தாழ ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியின் குடலுக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் வந்திருக்காது, ஆகவே கொடுக்கக் கொடுக்க உடலுக்குள் சேர்ந்து, எலும்பு வளரும் முறையையே குலைக்கும். நெதர்லாந்தின் உட்ரெக்டில் கிரேட் டேன் குட்டிகளை வைத்து நடத்திய ஆய்வுகள் 1980களிலேயே இதைக் காட்டின. பெரிய இனக் குட்டிகளுக்கென்று தயாரிக்கும் தீனியில் கால்சியம் ஈரம் நீக்கிய எடையில் 1.8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க விதிமுறை வரம்பு வைத்திருப்பதும் இதனால்தான். அத்தகைய தீனியை வாங்கினால் வேறு சிரப்புக்கு வேலை இல்லை.

பதில் (இரண்டு லேப்ரடார்கள் வளர்ப்பவர், கோவை):

மருத்துவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். லேப்ரடார் கெஞ்சுவதைப் பசி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ நான்கில் ஒரு லேப்ரடாரிடம் பிஓஎம்சி என்ற மரபணுவின் ஒரு சிறு பகுதி விடுபட்டிருக்கிறது. வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் ஏற்பாட்டில் பங்குள்ள மரபணு அது. அந்த நாய்களுக்கு உணவின் மேல் நாட்டமும் அதிகம், எடையும் அதிகம். இந்த இனத்தை அது கேட்கும் அளவுக்கு ஊட்டி வளர்த்தால் ஒரு முடிவே இராது.

நாங்கள் அன்றைய தீனி முழுவதையும் காலையிலேயே சமையலறைத் தராசில் நிறுத்து ஒரு டப்பாவில் போட்டுவிடுவோம். பயிற்சிக்குக் கொடுப்பதும், பாட்டி ஆசையாகக் கொடுப்பதும் அந்த டப்பாவிலிருந்துதான். யாருடைய அன்பையும் தடுக்க வேண்டியதில்லை, அளவும் மீறாது. பிஸ்கட்டுக்குப் பதில் வெள்ளரித் துண்டும் கேரட்டும் கொடுத்துப் பாருங்கள். அவற்றையும் அதே ஆவலோடு தின்னும்.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. டப்பா யோசனை மாமியாருக்கும் பிடித்திருக்கிறது. டாக்டர் ஐயா, மதியத் தயிர்சோற்றை அடியோடு நிறுத்த வேண்டுமா? சற்று ஒல்லியாகவே வளர்த்தால் வளர்ச்சி குன்றிவிடாதா என்ற பயமும் இருக்கிறது.

பதில் (கால்நடை மருத்துவர், நாமக்கல்):

குன்றாது, அம்மா. ஒரு குட்டி எவ்வளவு உயரம் வளரும் என்பது பெரும்பாலும் பிறவியிலேயே அமைந்தது. சத்துக் குறையாமல் அளவாகக் கொடுத்தால் அந்த உயரத்தைச் சற்று மெதுவாக எட்டும், அவ்வளவுதான். அமெரிக்காவில் 48 லேப்ரடார்களை எட்டு வாரக் குட்டிகளாக இருந்தபோதே இணை இணையாகப் பிரித்து, ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 விழுக்காடு குறைவாக உணவு கொடுத்து வாழ்நாள் முழுவதும் கவனித்தார்கள். 2002இல் வெளிவந்த முடிவின்படி, நிறையத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டுகள்; குறைவாகத் தின்றவற்றுக்கு 13 ஆண்டுகள். மூட்டுத் தேய்மானமும் இவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. நொண்டிக்கொண்டு வரும் பருத்த லேப்ரடார்களை அடிக்கடி பார்க்கிறவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

தயிர்சோறு சிறிது கொடுக்கலாம். 200 கிராம் சோற்றில் மட்டும் 260 கிலோகலோரி இருக்கிறது. அது உங்கள் குட்டியின் ஒரு நாள் தேவையில் கால் பங்குக்கும் மேல். தீனி அல்லாத எல்லாம் சேர்ந்து நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் சத்துச் சமநிலை கெடாது. அப்படியென்றால் ஒரு கைப்பிடிச் சோறும் இரண்டு மூன்று துண்டுக் கறியும்தான். வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வேகவைத்த கோழி எலும்பு ஆகியவை எந்த அளவிலும் வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிறுத்து எழுதி வையுங்கள். விலா கைக்கு மறையத் தொடங்கினால் தீனியில் பத்தில் ஒரு பங்கைக் குறையுங்கள். எலும்பு துருத்தித் தெரிந்தால் அதே அளவு கூட்டுங்கள். போதிய உணவு தின்றும் இளைத்தால் மலப் பரிசோதனை செய்து குடற்புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னாளில் கருத்தடை அறுவை செய்தால் கலோரித் தேவை குறைந்துவிடும். தையல் பிரிக்க வரும் நாளிலேயே புதிய அளவை உங்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.