நோடு காலியாக இருந்தும் ஜாப் ஏன் பெண்டிங்கிலேயே நிற்கிறது?

கேள்வி (ஆய்வு மாணவி):
வணக்கம். துறையின் க்ளஸ்டரில் (நோடு எனப்படும் பல கணினிகளை இணைத்த அமைப்பு; ஜாப்களை வரிசைப்படுத்தி நோடுகளுக்கு ஒதுக்குவது ஸ்லர்ம் என்ற ஷெட்யூலர் மென்பொருள்) 400 சிமுலேஷன் ஜாப் போட்டிருக்கிறேன். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை, ஒவ்வொன்றுக்கும் ப்ராசஸரின் ஒரு கோர் போதும், இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். டைம் லிமிட் (ஜாப் அதிகபட்சம் ஓடக்கூடிய நேரம்) 7 நாள் என்று கொடுத்திருக்கிறேன். மூன்று நோடு காலியாக இருக்கிறது, ஆனால் காரணம் 'பிரயாரிட்டி' என்று காட்டி எல்லாம் நிற்கின்றன. லேபில் ராத்திரி முழுக்கச் சும்மா கிடக்கும் கணினிகளும் உண்டு. அவற்றையும் சேர்த்துக்கொள்ள முடியுமா?

பதில் (க்ளஸ்டர் நிர்வாகி):
அந்த மூன்று நோடும் அநேகமாக வேறொருவருக்காகக் காத்திருக்கின்றன. உங்களுக்கு முன்னால் யாரோ பல நோடு கேட்கும் பெரிய ஜாப் போட்டிருப்பார். அது எப்போது தொடங்கும் என்று ஸ்லர்ம் கணக்குப் போட்டு வைத்திருக்கும். அதைத் தாமதப்படுத்தாத ஜாப்களை மட்டும் இடையில் நுழைய விடும். இதுதான் பேக்ஃபில். உங்கள் ஜாப் இரண்டு மணி நேரத்தில் முடியும் என்பது அதற்கு எப்படித் தெரியும்? நீங்கள் எழுதிக் கொடுத்த 7 நாள்தான் தெரியும்.

3 மணி நேரம் என்று மாற்றுங்கள். ரத்து செய்ய வேண்டியதில்லை, வரிசையில் நிற்கும் ஜாபின் டைம் லிமிட்டை எஸ்கண்ட்ரோல் (scontrol) என்ற ஸ்லர்ம் கட்டளை மூலம் நீங்களே குறைக்கலாம் (கூட்டுவதற்குத்தான் நிர்வாகி வேண்டும்). எவ்வளவு மெமரி கேட்டிருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். நோடின் மெமரி முழுவதையும் கேட்டால், ஒரு கோர் ஜாப்கூட நோடையே அடைத்துக்கொள்ளும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று எல்லோரும் கூட்டிக் கேட்டால், வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும்தான் நஷ்டம். அடுத்த முறை 400ஐயும் ஒரே ஜாப் அரேயாக (ஒரே மாதிரியான பல ஜாப்களின் தொகுப்பாக) போடுங்கள், ஷெட்யூலருக்கும் சுமை குறையும்.

பதில் (இயற்பியல் துறைக்காரர்):
லேப் கணினிகளுக்கு எச்டிகாண்டர் (HTCondor) என்ற மென்பொருளை வையுங்கள். விஸ்கான்சின் மேடிசன் பல்கலைக்கழகத்தில் 1980களில் இதே தேவைக்காக, சும்மா கிடக்கும் கணினிகளுக்காகத்தான் பிறந்தது. ஜாபும் கணினியும் தங்கள் நிபந்தனைகளைச் சொல்லும், அது பொருத்தம் பார்த்து அனுப்பும். யாராவது கீபோர்டைத் தொட்டால் ஜாப் விலகிக்கொள்ளும்படி அமைக்கலாம்.

கேள்வி (ஆய்வு மாணவி):
நன்றி சார். டைம் லிமிட்டைக் குறைத்ததும் ஜாப்கள் ஓட ஆரம்பித்துவிட்டன! லேப் கணினிகளில் பொது டிஸ்க் இல்லையே, பரவாயில்லையா?

பதில் (க்ளஸ்டர் நிர்வாகி):
பரவாயில்லை. இன்புட் கோப்புகளின் பெயரைச் சொன்னால் எச்டிகாண்டரே அனுப்பி, முடிந்ததும் அவுட்புட்டைத் திருப்பிக் கொண்டுவரும். ஒரு விஷயம்: பாதியில் விலக்கப்பட்ட ஜாப், செக்பாயிண்ட் (இடையிடையே நிலையைச் சேமித்து வைப்பது) இல்லையென்றால் முதலிலிருந்தே ஓடும். உங்கள் சிமுலேஷன் மென்பொருளில் அந்த வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.