அறிக்கையை அச்செடுத்து ஸ்கேன் செய்து கொடுத்தால் போதுமா?

பாலாற்றங்கரை:
மண் பரிசோதனை நிறுவனம் ஒன்றில் அறிக்கை தயாரிக்கும் பிரிவில் இருக்கிறேன். ஒரு பாலத்துக்கான அடித்தள ஆய்வு முடிந்துவிட்டது. இறுதி அறிக்கையை நீண்ட காலம் காப்பதற்கும் மறுபடி அச்சிடுவதற்கும் ஏற்றபடி பிடிஎஃப்/ஏ வடிவில் தர வேண்டும் என்று பணி ஆணையில் ஒரு வரி இருக்கிறது. எப்போதும்போல அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, ஸ்கேன் செய்து, அதையே பிடிஎஃப்/ஏ ஆக்கிவிடலாம் என்கிறார் எங்கள் மூத்த பொறியாளர். வேர்டில் இருந்து நேராக எடுப்பதுதான் முறை என்று எனக்குப் படுகிறது. எது சரி? முன்பக்கத்தில் ஒரு தமிழ்ச் சுருக்கமும் இருக்கிறது. அது யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்தது.

முத்திரை:
உங்கள் மூத்தவர் சொல்வதே சரி. நாளைக்கு வழக்கு, நடுவர் மன்றம் என்று போனால் கேட்பது கையெழுத்தும் சீலும் உள்ள தாளைத்தான். ஸ்கேன் அந்தத் தாளின் படம். எழுத்துரு இல்லை, வரி நகர்ந்துவிட்டது, அட்டவணை அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட்டது என்ற தொல்லை எதுவும் இல்லை. போட்டோ எடுத்த மாதிரி அப்படியே நிற்கும்.

எண்ணிலக்கம்:
அப்படியே நிற்கும் என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை, சார். 2013இல் டேவிட் கிரீசெல் என்ற ஜெர்மன் கணினி அறிஞர் வெளியிட்டதைப் பாருங்கள். ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஒர்க்சென்டர் இயந்திரத்தில் ஸ்கேன் செய்தபோது அறைகளின் பரப்பளவே மாறிவிட்டது. மூலத்தில் 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்று மூன்று அறைகள். ஸ்கேனில் மூன்றுமே 14.13. இது எழுத்துணரியின் (படத்தில் இருக்கும் எழுத்தைக் கணினி எழுத்தாக்கும் மென்பொருளின்) பிழை கிடையாது. ஜேபிக்2 என்ற சுருக்க முறை, ஒன்றுபோல் தெரியும் எழுத்துத் துண்டுகளைத் தேடி, ஒரே துண்டை எல்லா இடத்திலும் வைத்து இடத்தை மிச்சப்படுத்தும். அப்படிச் செய்யும்போது 6 இருந்த இடத்தில் 8 உட்கார்ந்துவிடும். மங்கலாகக்கூடத் தெரியாது, பளிச்சென்று தவறாக இருக்கும். உங்கள் போர்ஹோல் (மண்ணைச் சோதிக்கத் துளைக்கும் குழி) பதிவில் எஸ்பிடி எண், அதாவது மண்ணின் உறுதியைக் காட்டும் அடி எண்ணிக்கை, 16 என்பது 18 ஆனால் யார் கண்டுபிடிப்பார்கள்?

பிடிஎஃப்/ஏ தரம் ஜேபிக்2வை அனுமதிக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சோதனைக் கருவி பச்சை விளக்கு காட்டும், எண் மட்டும் தவறாக இருக்கும்.

முத்திரை:
சுருக்க முறையை மாற்றினால் முடிந்தது. இழப்பில்லாத டிஃப் படக் கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு இயந்திரத்தின் கோளாறை வைத்து முறையையே தள்ளக் கூடாது. 1986இல் பிபிசி டோம்ஸ்டே திட்டம் என்று பிரிட்டன் முழுவதையும் பற்றிய விவரங்களை லேசர் வட்டில் ஏற்றினார்கள். 2002 வாக்கில் அதைப் படிக்க இயந்திரம் தேடி அலைய வேண்டியதாயிற்று. அதற்கு முன்மாதிரியான 1086ஆம் ஆண்டு டோம்ஸ்டே பதிவேடு தோலில் எழுதியது. இன்றும் படிக்கலாம். எனக்குக் கணினிக் கோப்பைவிடத் தாள் மேல்தான் நம்பிக்கை.

நுண்சுருள்:
தாளுக்கும் கோப்புக்கும் நடுவில் மைக்ரோஃபிலிம் இருப்பதை மறக்க வேண்டாம். பாலியெஸ்டர் சுருளில் வெள்ளி உப்புப் படமாக எடுத்துச் சரியான குளிரில் வைத்தால் 500 ஆண்டு தாங்கும் என்பது கணக்கு. சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய தமிழ் அச்சுநூல்களை அப்படித்தான் படம் பிடித்துக் காத்தார்கள்.

எந்த வழியில் போனாலும் வரைபடங்களை இப்போதே கருப்பு வெள்ளைக்குத் தாங்கும்படி போடுங்கள். சிவப்புக் கோடு ஒரு போர்ஹோல், பச்சைக் கோடு இன்னொன்று என்று வைத்தால் ஜெராக்ஸ் எடுத்ததும் இரண்டும் ஒரே சாம்பல். ஒன்றை முழுக்கோடாகவும் மற்றதைப் புள்ளிக்கோடாகவும் போட்டு, முனையில் பி.எச்.1, பி.எச்.2 என்று எழுதிவிட்டால் நகலின் நகலிலும் தப்பிக்கும்.

எண்ணிலக்கம்:
டோம்ஸ்டே வட்டு சிக்கலானதற்குக் காரணம் அது குறிப்பிட்ட ஒரு கணினியையும் வட்டு இயக்கியையும் நம்பி இருந்தது. அந்த நிலை வரக் கூடாது என்றுதான் 2005இல் ஐஎஸ்ஓ 19005 என்ற பிடிஎஃப்/ஏ தரம் வந்தது. எழுத்துரு கோப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். கடவுச்சொல் பூட்டு, ஒலி, காணொளி, உள்ளே ஓடும் நிரல் எதுவும் கூடாது. பக்கம் தெரிவதற்கு வெளியே இருக்கும் கோப்பை நம்பக் கூடாது. இலக்கணம் ஊரறிய எழுதியிருப்பதால் படிக்கும் மென்பொருளை யாரும் புதிதாக எழுதலாம்.

கையெழுத்துக் கவலைக்கும் வழி இருக்கிறது. வேர்டில் இருந்து பிடிஎஃப்/ஏ எடுங்கள், வெராபிடிஎஃப் என்ற இலவசக் கருவியில் சோதியுங்கள், அதற்குப் பிறகு மின்கையொப்பம் இடுங்கள். வரிசை முக்கியம். கையொப்பம் இட்டபின் வடிவம் மாற்றினால் கையொப்பம் செல்லாது.

களக்குறிப்பு:
எல்லோரும் பக்கம் எப்படித் தெரியும் என்றே பேசுகிறீர்கள். அடுத்த தலைமுறைப் பொறியாளருக்கு வேண்டியது எண்கள். பக்கத்தில் பாலம் கட்ட வருகிறவர் உங்கள் வரைபடத்தின் மேல் அளவுகோல் வைத்து எண்ணை ஊகிக்கவா? தரவை சிஎஸ்வி (எந்த மென்பொருளிலும் திறக்கும் வெறும் எழுத்து அட்டவணை) கோப்பாகத் தனியே கொடுங்கள். எக்செல் மட்டும் போதாது. 2020இல் இங்கிலாந்தில் பழைய எக்செல் வடிவத்தின் 65,536 வரிசை வரம்பை மீறிய கோவிட் பதிவுகள் 15,000க்கு மேல் சத்தமில்லாமல் விடுபட்டன. ஆய்வுக் கட்டுரைகளைச் சேமிக்கும் ஆர்க்கைவ் தளம், லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் எழுதிய கட்டுரைகளுக்கு மூலக்கோப்பையே கேட்கிறது. பக்கத்தை மறுபடி உருவாக்கலாம், மூலம் போனால் போனதுதான்.

முத்திரை:
இதில்தான் எனக்கு உண்மையான பயம். மூலத் தரவைத் தனியாகக் கொடுத்தால், யாரோ ஒருவர் ஒரு எண்ணைத் திருத்திவிட்டு "இவர்கள் கொடுத்தது இதுதான்" என்று நீட்டுவார். பாலம் விரிசல் விட்டால் பதில் சொல்ல வேண்டியது கையெழுத்துப் போட்டவர். அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

களக்குறிப்பு:
நியாயமான பயம், சார். அதனால்தான் தனியாகக் கொடுக்காமல் உள்ளே இணைக்கச் சொல்கிறேன். 2012இல் வந்த பிடிஎஃப்/ஏ-3 எந்த வகைக் கோப்பையும் இணைப்பாக ஏற்கிறது. சிஎஸ்வியை உள்ளே வைத்து முழுக் கோப்புக்கும் கையொப்பம் இட்டால், இணைப்பில் ஒரு எண் மாறினாலும் கையொப்பச் சோதனையில் தெரிந்துவிடும். ஸ்கேன் செய்த சீலுக்கு அந்தக் காவல் கிடையாது.

நுண்சுருள்:
பிடிஎஃப்/ஏ-3ஐ ஆவணக் காப்பகங்களில் எல்லோரும் விரும்புவதில்லை. வெளிக்கோப்பு தரத்துக்கு உட்பட்டது, உள்ளே இருக்கும் இணைப்புக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பெறுகிற அலுவலகம் ஏற்குமா என்று முதலில் எழுதிக் கேளுங்கள். ஏற்காவிட்டால் தரவு அட்டவணையைப் பின்னிணைப்பாக அச்சிலேயே சேர்த்துவிடுங்கள். பக்கம் கூடினாலும் பரவாயில்லை.

பாலாற்றங்கரை:
கேட்டுவிடுகிறேன். தமிழ்ச் சுருக்கத்துக்கு என்ன செய்வது? பிடிஎஃப்பில் பார்க்க நன்றாகத்தான் தெரிகிறது.

எண்ணிலக்கம்:
தெரியும், ஆனால் தேட முடியாது. பாமினியில் "மணல்" என்று தெரிகிற சொல்லை நகலெடுத்து ஒட்டினால் மூன்று ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான் வரும். பிடிஎஃப்/ஏவின் "பி" நிலைக்கு அதுவே போதும், தோற்றத்தை மட்டும்தான் அது பார்க்கிறது. யூனிகோடுக்கு மாற்றி அடித்து, 2011இல் வந்த இரண்டாம் பகுதியான பிடிஎஃப்/ஏ-2இன் "யு" நிலையில் எடுங்கள். எழுத்தெல்லாம் யூனிகோடாகவும் கிடைக்க வேண்டும் என்பது அந்த நிலை.

களக்குறிப்பு:
"யு" நிலையையும் முழுதாக நம்ப வேண்டாம். "கொ" என்பதில் கொம்பு முன்னால், கால் பின்னால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சில மென்பொருள்கள் எழுதிவிடும். கருவி சரி என்று சொல்லும், "கொள்ளளவு" என்று தேடினால் கிடைக்காது. ஐந்தாறு சொற்களை நீங்களே தேடிப் பாருங்கள்.

அப்புறம், பாமினியில் இருந்து மாற்றும் கருவி ஆங்கிலத்தில் இருக்கும் அலகுகளையும் தமிழ் எழுத்தாக்கிவிடும். கிலோநியூட்டனுக்கான குறி "மே" மாதிரி ஏதோ ஒன்றாகி நிற்கும். தாங்குதிறன் வரும் வரிகளை அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அனுப்ப வேண்டாம்.

முத்திரை:
ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவாவது அந்த அச்சுப் பிரதியில் கையெழுத்துப் போட்டு ஒன்றை அலுவலகத்தில் வையுங்கள். அதில் நான் மாறப்போவதில்லை.