டச்பார் கலியாண இரவின் கசெற்: காப்பாற்ற வழி தேவை

மட்டக்களப்பு உறவுகளே, 1982இல் மட்டக்களப்பின் டச்பார் குடியிருப்பில், பறங்கியர் (போர்த்துக்கீச, ஒல்லாந்த வழிவந்தவர்கள்) கலியாண வீடொன்றில் அப்பா பதிவு செய்த கசெற் எங்களிடம் இருக்கிறது. வயலின், மண்டலின், கிற்றார், போர்த்துக்கீசக் கிரியோல் என்ற கலப்பு மொழியில் பாட்டு, விடியும் வரை கஃப்ரிஞ்ஞா ஆட்டம். அந்தக் குடியிருப்பில் பலரை 2004 சுனாமி கொண்டுபோய்விட்டது. அந்த இரவில் எஞ்சியிருப்பது இந்த நாடாதான்.

90 நிமிடக் கசெற். முதல் பக்கம் நான்கு நிமிடம் ஓடியதும் கிறீச்சிட்டு நின்றுவிடுகிறது. பழுப்புத் தூள் உதிர்ந்து, நாடாவைப் படிக்கும் ஹெட்டில் அப்பிக்கொள்கிறது. நிற்பதற்குச் சற்று முன்னர் யாரோ மாப்பிள்ளையை ஆட அழைக்க, வயலின் சட்டென்று வேகமெடுக்கிறது. அதற்கப்பால் நான் கேட்டதே இல்லை.

ஹெட்டை ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைத்தேன். பென்சிலால் இரு பக்கமும் சுற்றிப் பார்த்தேன். போன மாதம் நாடாவைப் புதிய கூட்டுக்குள் மாற்றினேன். அழுத்தும் பஞ்சும் புதியது. அதே பானசோனிக் பெட்டியில் மற்றக் கசெற்றுகள் நன்றாகவே ஓடுகின்றன. நகரில் ஒரு கடையில் கையில் வாங்கிப் பார்க்காமலே மறுத்துவிட்டார்கள். இருப்பது ஒரே பிரதி என்பதால் கொழும்புக்கு அஞ்சலில் அனுப்ப மனம் வரவில்லை.

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ, தூள் உதிரும் நாடாவைப் பக்குவமாகக் கையாண்டு கணினியில் ஏற்றித் தரக்கூடியவர் யார்?