‘ஹேபிச்சுவேஷன்’: ஓநாய் மிரளாமல் இருப்பதற்குத் தமிழில் என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

வடதுருவ ஓநாய்களைப் படமெடுக்கும் ஒருவரைப் பின்தொடரும் ஆவணப்படத்துக்குத் தமிழ்ப் பின்னணிக் குரல் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒலிப்பதிவு. களம் கனடாவின் எல்ஸ்மியர் தீவு, யுரேகா வானிலை நிலையம் இருக்கிற பக்கம், ஏறத்தாழ 80 டிகிரி வடக்கு. கோடையில் அங்கே சூரியன் மறைவதே இல்லை. அதனால் நள்ளிரவிலும் அவர் ஓநாய்க் குகையைப் பார்த்தபடி சரளைக் கற்கள்மேல் உட்கார்ந்திருக்கிறார். தாய் ஓநாய் வருகிறது. தூரத்தில் நின்று மோப்பம் பிடிக்கிறது. அவரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் குட்டிகளிடம் போய்ப் படுத்துக்கொள்கிறது. இந்த இடத்தில் ஆங்கிலக் குரல் ‘ஹேபிச்சுவேட்டட்’ என்கிறது. அப்புறம் படம் முழுக்க அந்தச் சொல்தான்.

‘பழக்கப்பட்ட ஓநாய்’ என்றால் யாரோ வளர்த்த ஓநாய் மாதிரி கேட்கிறது. ‘மனிதரோடு நெருக்கமான’ என்பது பொய். அவர் அதற்குத் தீனி போடவில்லை, கூப்பிடவில்லை, கிட்டே போகவும் இல்லை. அது தன் வேலையைப் பார்க்கிறது, அவர் தன் வேலையைப் பார்க்கிறார். படத்தின் உயிரே அதுதான். காதில் விழுந்ததும் புரிகிற சொல்லாக வேண்டும், அடிக்குறிப்புக்கு இடமில்லை. புதன் இரவுக்குள் சொன்னால் நன்றாக இருக்கும்.

க., சென்னை

*

க. அவர்களுக்கு,

விலங்கு நடத்தையியல் வகுப்பில் ஆண்டுதோறும் இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டுகிறேன். முதலில் பொருளைப் பிரித்துக்கொள்வோம். ஒரு தூண்டல் திரும்பத் திரும்ப வருகிறது, அதனால் நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை. அப்போது அந்த உயிர் காட்டும் எதிர்வினை குறைந்துகொண்டே போகிறது. அவ்வளவுதான். இதற்குப் பெரிய மூளைகூடத் தேவையில்லை. நரம்பியல் ஆய்வாளர் எரிக் காண்டெல், அப்ளீசியா என்ற கடல் நத்தையைத் தொட்டுத் தொட்டு, அது செவுளை உள்ளிழுப்பது படிப்படியாகக் குறைவதைக் காட்டினார். நினைவு பற்றிய ஆய்வுகளுக்காக 2000இல் நோபல் பரிசில் பங்கு பெற்றவர்.

விலங்கை வளர்ப்பது வேறு. தீனி காட்டி வரவழைப்பதும் வேறு. தீனிக்கு வரும் ஓநாய் மனிதனைக் கண்டாலே எதிர்பார்க்கத் தொடங்கும், அதில் இரு பக்கமும் ஆபத்து. எல்ஸ்மியரில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே ஓநாய்களை மனிதர் பெரிய அளவில் வேட்டையாடியதில்லை. மற்ற இடங்களில் ஆள் வாடை பட்டாலே ஓடும் விலங்கு, அங்கே முதல் நாளே நின்று பார்க்கிறது. ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் 1986இல் ஒளிப்படக்காரர் ஜிம் பிராண்டன்பர்க்குடன் அங்கே குகையருகே தங்கி வேலை தொடங்கி, 2010 வரை கோடைகளில் போய்வந்தார். அச்சம் குறைவான விலங்கு, அதோடு அன்றாடம் பார்த்துப் பழகியது, இரண்டும் சேர்ந்துதான் அந்த நெருக்கம் கிடைத்தது.

என் முன்மொழிவு: ‘பழகல்’. நத்தைக்கும் பொருந்தும், ஓநாய்க்கும் பொருந்தும்.

வே., கோயம்புத்தூர்

*

அன்புடையீர்,

வே. அம்மையாரின் ‘பழகல்’ இலக்கணப்படி பழுதற்றது. பழகு தன்வினை, பழக்கு பிறவினை. யானையைப் பாகன் பழக்குகிறான், ஓநாய் தானே பழகுகிறது. ‘பழக்கப்படுத்திய’ என்று சொன்ன மாத்திரத்தில் செயல் மனிதன் கைக்குப் போய்விடுகிறது. ஆனால் பழகுதல் என்றாலே தமிழில் உறவு வந்துவிடும். ‘புணர்ச்சி பழகுதல் வேண்டா’ என்று வள்ளுவர் அந்தச் சொல்லை நட்பு அதிகாரத்தில் வைத்திருக்கிறார். அந்த ஓநாய் நம்மோடு பழகவில்லை. நம்மைக் கண்டு வெருவாமல் இருக்கிறது, அவ்வளவே.

ஆகவே வேரை அச்சத்தில் தேட வேண்டும். வெரு, வெருவு, வெருள், மருள், மிரள் எல்லாம் ஒரு குடும்பம் என்பது என் துணிபு. காட்டுப் பூனைக்கு ‘வெருகு’ என்று பெயர் வந்ததும் அது பிறவற்றை வெருட்டுவதால்தான் என்று நான் நெடுநாளாகச் சொல்லிவருகிறேன். குறுந்தொகை 139இல் வேலியோரம் வெருகைக் கண்ட பேடைக்கோழி, புகுமிடம் அறியாது குழுமிய தன் ‘பைதற் பிள்ளைக் கிளை’யைக் கூவி அழைக்கிறது. இந்தக் ‘கிளை’யைக் கவனியுங்கள். குறுந்தொகை 69இல், கடுவனை இழந்த மந்தி தன் வன்பறழைக் ‘கிளைமுதல் சேர்த்தி’விட்டுத்தான் மலையிலிருந்து பாய்கிறது. குட்டியை நம்பி ஒப்படைக்கக்கூடிய சுற்றம்தான் கிளை. ஓநாய்களும் அப்படித்தானே? மூத்த பிள்ளைகள் இரையை வயிற்றில் கொண்டுவந்து, கக்கி, இளையவற்றுக்கு ஊட்டுகின்றன. பிரதியில் ‘ஓநாய்க் கூட்டம்’ என்று வரும் இடமெல்லாம் ‘ஓநாய்க் கிளை’ ஆக வேண்டும். குட்டியைக் ‘குருளை’ என்க. நாய், பன்றி, புலி, முயல் நான்குக்கும் குருளை என்ற தொல்காப்பியம், நரிக்கும் அதை நீட்டித் தருகிறது. ஓநாய்க்கு நாம் நீட்டினால் தவறில்லை.

நா., பாளையங்கோட்டை

*

ஐயா, வணக்கம்.

‘வெருள்’ என்றதும் மனம் ஊருக்குப் போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் தோட்டத்தில் நட்டு வைக்கிற பொம்மைக்கு ‘வெருளி’ என்றுதான் பெயர். நட்ட புதிதில் காகம் கிட்ட வராது. கொஞ்ச நாளில் வெருளியின் தலையிலேயே வந்து குந்தும். வே. அக்கா சொன்ன வரைவிலக்கணம் அப்படியே அதுதானே? தூண்டல் மாறவில்லை, தீங்கும் வரவில்லை, எதிர்வினை போய்விட்டது. அந்தக் காகத்துக்கு ‘வெருள் தெளிந்துவிட்டது’ என்று சொல்வோம். நான் ‘வெருள் தெளிதல்’ என்ற சொல்லை வைக்கிறேன்.

‘கிளை’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இங்கே கனடாவில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கிளை என்றால் மரத்தில் இருப்பது, இல்லையென்றால் வங்கி.

இன்னொன்று. எல்ஸ்மியரில் பொதுமக்கள் வாழும் ஒரே ஊர் கிரைஸ் ஃபியோர்ட். அந்த வடபகுதியின் பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் அந்த இடத்தை ‘ஒருபோதும் உருகாத இடம்’ என்ற பொருளில் அழைக்கிறார்கள். 1953இல் கியூபெக்கின் வடபகுதியிலிருந்து குடும்பங்களை அரசு கொண்டுபோய் அந்தத் தீவில் இறக்கியது, 2010இல் மன்னிப்புக் கேட்டது. ஆகவே படத்தில் எங்காவது ‘மனிதர் கால்படாத நிலம்’ என்று வந்தால் அருள்கூர்ந்து எடுத்துவிடுங்கள். அங்கே ஓநாய்கள் வேட்டையாடும், ஆங்கிலத்தில் ‘மஸ்க் ஆக்ஸ்’ எனப்படும் மயிரடர்ந்த விலங்குக்கு இனுயிட் மக்கள் வைத்த பெயர் ‘உமிங்மக்’, தாடிக்காரன். அது எருதே இல்லை, ஆடுகளின் உறவு. ‘கத்தூரி எருது’ என்று நாம் எழுதுவது இரண்டு பங்கும் பிழை. கத்தூரி மான் போல அதற்குக் கத்தூரிப் பை கிடையாது.

சி., ரொறன்ரோ

*

தோழர்களே,

‘வெருள் தெளிவு’ நல்ல தமிழ். அதை உடனே ஏற்போம். ‘பயம்’ என்ற வடசொல் இங்கே எட்டிப்பார்க்காதது மகிழ்ச்சி. ஆனால் முதல் மடலிலிருந்தே ‘வடதுருவம்’ ஓடிக்கொண்டிருக்கிறதே, துருவம் எந்த மொழி? வடமுனை என்று எழுதக் கை வராதா? ‘ஆர்க்டிக்’ என்று எழுதாமல் விட்டதற்கு மட்டும் நன்றி. அது கிரேக்கத்தில் கரடி. இந்த ஓநாய் இனத்துக்கு 1935இல் விலங்கியலாளர் போகாக் வைத்த அறிவியல் பெயரிலும் அதே கரடிதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அயலவர் ஓநாய்க்குக் கரடிப் பெயர் வைக்கலாம், நமக்கு என்ன வந்தது?

இ., புதுச்சேரி

*

இ. அவர்களுக்கு: வடமுனை என்பது ஒரு புள்ளி. எல்ஸ்மியர் அந்தப் புள்ளியில் இல்லை. ‘வடமுனைப் பகுதி’ என்றால் எனக்கு மறுப்பில்லை.

வே.

*

எல்லோருக்கும் நன்றி. இத்தனை பேர் மினக்கெட்டிருக்கிறீர்கள்.

சின்னவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். குட்டி குட்டியாகவே இருக்கட்டும் ஐயா. குருளை அழகான சொல், ஆனால் குரலில் வரும்போது கேட்பவர் ஒரு நொடி தடுக்கி நிற்பார், அதற்குள் காட்சி போய்விடும். தாடிக்காரனை ‘கத்தூரி மாடு’ என்றே விடுகிறேன். அது ஆட்டு உறவு என்று ஒரு வரி சேர்க்க இடம் இருக்கிறது. அவை வட்டமாக நின்று கன்றுகளை நடுவில் காக்கிற நீண்ட காட்சியில் பேச்சு குறைவு.

‘கூட்டமா, கிளையா’ என்பதில் எனக்கு ஐயாவின் பக்கம் மனம் சாய்கிறது. காரணம் இலக்கியம் மட்டும் இல்லை. ஆங்கிலப் பிரதியில் ‘ஆல்பா ஆண்’, ‘ஆல்பா பெண்’ என்று வருகிறது, அதாவது மற்றவற்றை அடக்கித் தலைமை ஏற்கும் விலங்கு. 1947இல் ஷென்கெல் என்ற ஆய்வாளர், அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து பரவிய பார்வை அது. மீச் தானே தன் பழைய நூலில் அதைப் பரப்பியவர். பிறகு எல்ஸ்மியரில் கோடை கோடையாகப் பார்த்துவிட்டு, காட்டில் வாழும் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு தாய், ஒரு தந்தை, அவர்களின் பிள்ளைகள், அங்கே ‘ஆல்பா’ பொருந்தாது என்று 1999இல் எழுதினார். அதனால் தமிழில் தாய், தந்தை என்றே எழுதிவிட்டேன். ‘தலைவன்’ ஒரு இடத்திலும் இல்லை. கூட்டம் என்ற இடத்தில் ‘குடும்பம்’ என்று போட்டால் மீச் சொன்னதும் வந்துவிடும், பாட்டிக்கும் புரியும். கிளையை ஒரே ஒரு இடத்தில், வளர்ந்த பிள்ளை துணை தேடிப் பிரிந்து போகும் காட்சியில், ‘தன் கிளையை விட்டு’ என்று வைத்திருக்கிறேன். அங்கே தானாகப் புரியும்.

இனி முக்கியமானது. சி. அண்ணாவின் வெருளி உதாரணத்தைப் படித்ததும் ‘தெளிதல்’தான் சரி என்று தோன்றிவிட்டது. மயக்கம் தெளிகிறது, கலங்கிய நீர் தெளிகிறது. யாரும் தெளியவைப்பதில்லை, தானாக நடக்கிறது. நான் தேடியது இதுதான். ஆனால் ‘வெருள்’ தமிழ்நாட்டுக் காதுக்கு எட்டாது. இங்கே மாடு மிரளும், குதிரை மிரளும். மாட்டுக்கு மிரட்சி தெளிந்தது என்றால் எந்தக் கிராமத்திலும் புரியும். ‘மிரட்சி தெளிந்த ஓநாய்’ என்று உரக்கச் சொல்லிப் பார்த்தேன். நிற்கிறது.

க.

*

மகளே, வாழ்க.

‘தெளிதல்’ நீங்கள் நினைப்பதைவிட ஆழமானது. திருக்குறளில் ஓர் அதிகாரத்துக்குப் பெயரே ‘தெரிந்து தெளிதல்’. ஆராய்ந்து பார்த்துப் பின் நம்புவது. ‘தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்.’ உங்கள் தாய் ஓநாய் மோப்பம் பிடித்துச் சுற்றிவந்தது தெரிதல். போய்ப் படுத்துக்கொண்டது தெளிதல். படமெடுப்பவர் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்பதற்கும் குறளில் விடை உண்டு: ‘அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க.’ அரசனிடம் இருப்பவனுக்குச் சொன்னது ஓநாயிடம் இருப்பவனுக்கும் ஆகும். மிரட்சியை ஏற்கிறேன். மிரள், வெருள் இரண்டின் மூலமும் ஒன்று என்பது என் துணிபு என்பதால் இ. அவர்களும் மனம் இசையலாம்.

நா.

*

ஐயா சொன்னதே என் மறுப்புக்கு அடிப்படை. தெளிதல் என்றால் நம்புதல் என்கிறீர்கள். அந்த ஓநாய் நம்புகிறது என்று யார் சொன்னது? எதிர்வினை குறைந்திருக்கிறது, அவ்வளவுதான் நமக்குத் தெரியும். நம்பிக்கை என்று எழுதத் தொடங்கினால், பார்க்கிறவர்கள் அடுத்த காட்டில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிட்டே போவார்கள். ‘தெளிந்த’ ஓநாய்க்கு அடுத்து துப்பாக்கிக்காரன் வந்தாலும் அது ஓடாது. அந்த ஆபத்தை இந்த இனிய சொல் மறைக்கிறது. இரண்டாவது, முன்பே மிரளாத எல்ஸ்மியர் ஓநாய்க்கு எந்த மிரட்சி தெளிந்தது? மூன்றாவது, கடல் நத்தைக்கு மிரட்சி ஏது? ஒரே கருத்துக்குப் படத்தில் ஒரு சொல், பாடத்தில் ஒரு சொல் என்று ஆனால் மாணவர்தான் திணறுவார்கள்.

வே.

*

வே. அக்கா,

முதல் மறுப்பு என்னை உலுக்கிவிட்டது. அதற்காகப் பிரதியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: ‘மிரட்சி தெளிந்த விலங்குக்கு நல்லவன் கெட்டவன் பிரிக்கத் தெரியாது, அதனால் பொறுப்பு முழுக்க மனிதனுடையது.’ இரண்டாவதையும் ஒப்புக்கொள்கிறேன். முதல் சந்திப்புக் காட்சியில் ‘மனிதனைக் கண்டு மிரளக் காரணமே இல்லாத ஓநாய்கள்’ என்றும், வாரங்கள் கழிந்த பிறகு வரும் காட்சிகளில் மட்டும் ‘மிரட்சி தெளிந்த’ என்றும் பிரித்துவிட்டேன். மூன்றாவதற்கு என்னிடம் விடை இல்லை. பாடநூலுக்குப் ‘பழகல்’ இருக்கட்டும்.

குழுவில் எழுதியவர்களில் பெரும்பாலோர் ‘மிரட்சி தெளிதல்’ பக்கம், அல்லது இனி விவாதிக்கத் தெம்பில்லாமல் அந்தப் பக்கம். பிரதியை அனுப்பிவிட்டேன்.

க.

*

‘வெருள்’ கைவிடப்பட்டதை நான் ஏற்கவில்லை. ஈழத்தில் இன்றும் வாழும் சொல்லைத் தமிழ்நாட்டுக் காதுக்கு எட்டாது என்று ஒதுக்கினால், அந்தக் காது எப்போது பழகும்? பதிவுக்காக எழுதுகிறேன்.

இ.

*

என் மறுப்பும் பதிவில் இருக்கட்டும். இன்னும் ஒன்று விடுபட்டிருக்கிறது. தீனி காட்டிக் கெடுக்கப்பட்ட விலங்குக்கு யாரும் சொல் தரவில்லை. ‘உணவுப் பழக்கம்’ என்றால் அது சாப்பாட்டு வழக்கம், ‘தீனிப் பழக்கம்’ பாதிக் கிணறு. குப்பைமேட்டில் மேயும் ஓநாயையும் குகை வாசலில் படுத்திருக்கும் ஓநாயையும் ஒரே சொல்லால் மாணவர்கள் எழுதக் கூடாது. திங்கட்கிழமை வகுப்பு. புதிய இழை தொடங்குகிறேன்.

வே.