அஞ்சலட்டை அழைப்பிதழ்: கடைசி வரியில் மை தீற்றிவிடுகிறது

தருமபுரியில் இருக்கிறேன். அடுத்த வியாழன் பாலக்கோட்டில் தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழா. 120 அழைப்பு போதும்; அச்சகத்தில் 500-க்குக் குறைந்து அடிக்க மாட்டார்களாம். வீட்டு பிரிண்டரிலேயே இறங்கினேன், என் விதி.

மை டேங்க் உள்ள இங்க்ஜெட், வாங்கி 3 வருடம், தாள் பின்பக்கத் தட்டில். அட்டையின் கனம் 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம்), அளவு 14 × 9 செ.மீ. முதல் எட்டு வரிகளைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். கடைசி ஒன்றரை சென்டிமீட்டரில் அட்டை சாய்ந்து, சரியாக அப்பாவின் பெயர்மீது மை தீற்றிவிடுகிறது!

தாள் வகையைக் கனமான அட்டை என்று மாற்றினேன். உருளையைத் துடைத்தேன். ஓரமில்லா அச்சை நிறுத்தினேன். ஒவ்வொன்றாகவும் செருகிப் பார்த்தேன். சாதாரண ஏ4 தாளில் குறையே இல்லை. இதுவரை 23 அட்டை வீண்.

இதே கனத்தில் ஏ4 அட்டை வாங்கி, நான்கு அழைப்பாக அச்சிட்டுப் பிறகு வெட்டினால் இந்தத் தீற்றல் நிற்குமா?