சோனிக் ஹீரோஸ்: மூணு பேரை மாத்துறதுக்குள்ள விழுந்துடுறேன், ரெயில் கேன்யனை எப்படி தாண்டினீங்க?

மஞ்சவால்:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வாரமா சோனிக் ஹீரோஸ் விளையாடிட்டு இருக்கேன், பிளேஸ்டேஷன் 2ல. டிஸ்க் மாமா வீட்டு பரண்ல கிடந்தது, கீறல் இருந்தாலும் நல்லா ஓடுது. இதுல மூணு மூணு பேரா நாலு டீம் இருக்கு, நான் சோனிக், டெயில்ஸ், நக்கிள்ஸ் இருக்கிற டீம் சோனிக் எடுத்துதான் ஆரம்பிச்சேன். சீசைட் ஹில், ஓஷன் பேலஸ் எல்லாம் சூப்பரா போச்சு, கேசினோ பார்க்ல பின்பால் மேஜைல ரொம்ப நேரம் உருண்டுட்டு எப்படியோ வெளிய வந்தேன். இப்ப ரெயில் கேன்யன்ங்கிற ஸ்டேஜ்ல நாலு நாளா நிக்கிறேன்.

என் பிரச்சனை என்னன்னா, யாரு எதுக்குன்னு எனக்கு நல்லாவே தெரியும். ஓடுறதுக்கு சோனிக், பறக்கிறதுக்கு டெயில்ஸ், உடைக்கிறதுக்கு நக்கிள்ஸ். தெரிஞ்சும் கை அந்த நேரத்துக்கு போக மாட்டேங்குது. மேல பறக்கிற ரோபோ வருது, டெயில்ஸ் வேணும்னு மனசு சொல்லுது, பட்டனை அமுக்கினா நக்கிள்ஸ் முன்னாடி வந்து நிக்கிறார், அய்யோன்னு மறுபடி அமுக்குறேன், அதுக்குள்ள ஓட்டத்துல தரை முடிஞ்சு கீழ போயிடுறேன். அதுவும் இந்த ஸ்டேஜ்ல தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல, வெறும் பள்ளம்தான். உயிர் எல்லாம் தீர்ந்து கேம் ஓவர் வர்றப்ப அழுகையே வந்துடுது.

இன்னொரு கேள்வி. கேயாஸ் எமரால்ட்ங்கிற ரத்தினக்கல் ஏழும் எடுத்தாதான் கடைசி கதை திறக்கும்னு சொல்றாங்க, என்கிட்ட ஒண்ணு கூட இல்ல. அது எப்படி எடுக்கிறது?

பழைய கன்சோல்காரன்:

தம்பி, கவலைப்படாதீங்க, இந்த கேமை விளையாடின எல்லாரும் அந்த கேன்யன்ல விழுந்தவங்கதான். நான் 2004ல கேம்கியூப்ல விளையாடினேன், அப்புறம் அந்த வருஷக் கடைசில பிசிக்கு வந்தப்ப மறுபடி. நீங்க பிளேஸ்டேஷன் 2ல விளையாடுறதால ஒண்ணு சொல்லிடுறேன், கேம்கியூப்லயும் எக்ஸ்பாக்ஸ்லயும் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம் திரைல ஓடும், பிளேஸ்டேஷன் 2ல 30தான். அதனால பட்டன் அமுக்கினதுக்கும் திரையில நடக்கிறதுக்கும் நடுவுல கொஞ்சம் கனமா இருக்கிற மாதிரி தோணும். நீங்க மெதுவான ஆளுன்னு நினைச்சுக்காதீங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நீங்க மூணு பேரை மூணு ஆளா பாக்குறீங்க, அதுலதான் குழப்பமே. ஆளை மறந்துட்டு வடிவத்தை பாருங்க. சோனிக் முன்னாடி நின்னா மத்த ரெண்டு பேரும் பின்னாடி வரிசையா ஓடி வருவாங்க, அது நீளம். டெயில்ஸ் வந்தா மூணு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தரா அடுக்கா தொங்குவாங்க, அது உயரம். நக்கிள்ஸ் வந்தா ரெண்டு பேரும் ரெண்டு பக்கமும் வந்துடுவாங்க, அது அகலம். எதிர்ல இருக்கிற இடத்தையும் அப்படியே பாருங்க. பாதை நீளமா போகுதா, மேல ஏறணுமா, முன்னாடி கும்பலா ரோபோவும் சுவரும் அடைச்சுட்டு நிக்குதா? அந்த இடத்தோட வடிவம் எதுவோ அந்த வடிவத்துல நீங்க இருக்கணும். இது ஒரு தடவை கண்ணுல பட்டுடுச்சுன்னா பேரே ஞாபகம் வேணாம்.

அப்புறம் பட்டன். மாத்துறதுக்கு ரெண்டு பட்டன் இருக்கு, ரொம்ப பேர் ஒண்ணை மட்டும்தான் திரும்பத் திரும்ப அமுக்குவாங்க, நீங்களும் அதைத்தான் செய்றீங்கன்னு நினைக்கிறேன். மூணு பேரும் வட்டமா உக்காந்திருக்கிறதா வெச்சுக்கங்க, ஒரு பட்டன் வலப்பக்கம் சுத்தும், இன்னொண்ணு இடப்பக்கம் சுத்தும். அப்ப எந்த ஆள்ல இருந்தும் மத்த ரெண்டு பேருக்கும் ஒரே அமுக்குல போயிடலாம், ரெண்டாவது அமுக்கு எப்பவும் தேவையே இல்ல. முதல் ஸ்டேஜ் ஆரம்பிக்கிற இடத்துல எதிரி இல்லாத மணல்ல நின்னுட்டு பத்து நிமிஷம் வெறுமனே மாத்திப் பழகுங்க, நீலம் மஞ்சள், நீலம் சிவப்பு, மஞ்சள் சிவப்புன்னு (சோனிக் நீலம், டெயில்ஸ் மஞ்சள், நக்கிள்ஸ் சிவப்பு). நான் அப்படித்தான் பழகினேன்.

மூணாவது, ஓடிட்டே மாத்தாதீங்க. மாத்த வேண்டிய இடம் வர்றதுக்கு முன்னாடியே மாத்திடுங்க. ரெயில் கேன்யன்ல தண்டவாளம் முடிஞ்சு ஒரு மேடை வரும், அங்க ரோபோ நிக்கும்னு ஒரு தடவை செத்தாலே தெரிஞ்சுடும்ல, அடுத்த தடவை மேடைல கால் வெச்ச உடனே ஒரு அரை நொடி நின்னு, சிவப்புக்கு போயிட்டு அப்புறம் அடிங்க. வேகமான கேம்ங்கிறதால நிக்கவே கூடாதுன்னு நாம நினைச்சுக்கிறோம். இந்த கேம்ல நின்னு மாத்துறவன்தான் சீக்கிரம் முடிப்பான்.

ஊதாப்பூனை:

அண்ணா சொன்னது அத்தனையும் சரி, அது கூட ஒண்ணு சேர்த்துக்கறேன். விழும்போது பதறாம மஞ்சளுக்கு மாத்தி ஜம்ப் அமுக்குங்க. காத்துல இருக்கும்போதே மாத்த முடியும். பறக்கிறதுக்கு ஒரு அளவு இருக்கு, அது தீர்றதுக்குள்ள பக்கத்து மேடைக்கு வந்துடலாம். நான் பாதி ஸ்டேஜை இப்படித்தான் உயிரோட தாண்டினேன்.

எமரால்ட் பத்தி கேட்டிருக்கீங்க, அதை கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா கேம்ல யாரும் சரியா சொல்லித் தர மாட்டாங்க. ஸ்டேஜ் உள்ள கூண்டு ஒண்ணுல சாவி மிதக்கிறதை பாத்திருப்பீங்க. கூண்டை உடைச்சு சாவியை எடுத்துட்டு, அதுக்கப்புறம் ஒரு அடி கூட வாங்காம கோல் வரைக்கும் போகணும். அடி வாங்கினா சாவி போச்சு. கொண்டு போயிட்டா ஸ்பெஷல் ஸ்டேஜ் வரும். இதுலதான் நான் ஒரு மாசம் வீணாக்கினேன்: ஒவ்வொரு உலகத்துலயும் ரெண்டு ஸ்டேஜ் இருக்குல்ல, முதல் ஸ்டேஜ்ல சாவி எடுத்தா சும்மா போனஸ்தான், ரெண்டாவது ஸ்டேஜ்ல எடுத்தாதான் எமரால்ட். அதாவது சீசைட் ஹில்ல கிடையாது, ஓஷன் பேலஸ்ல உண்டு. ரெயில் கேன்யன்ல கிடையாது, அடுத்து வர்ற புல்லட் ஸ்டேஷன்ல உண்டு. மொத்தம் 14 ஸ்டேஜ், அதுல ஏழு எமரால்ட், கணக்கு சரியா வருதா.

இன்னொண்ணு, எமரால்ட் எந்த டீம் எடுத்தாலும் எல்லாருக்கும் பொதுதான். அதனால டீம் ரோஸ்ல எடுங்க. ஏமி, க்ரீம், பிக் மூணு பேரும். அவங்களுக்கு ஸ்டேஜ் எல்லாம் சின்னது, எதிரியும் கம்மி, முதல்லயே சீ கேட்னு பழகுறதுக்கே தனியா ஒரு இடம் வெச்சிருக்காங்க. அவங்க டீம் பிளாஸ்ட், அதாவது மூணு பேரும் சேர்ந்து போடுற பெரிய தாக்குதலை போட்டா மூணு பேருக்கும் லெவல் ஏறும், கொஞ்ச நேரத்துக்கு யாராலயும் தொடவும் முடியாது. சாவி கையில இருக்கும்போது கும்பல் வந்துச்சுன்னா அதை போடுங்க. குழந்தைங்க டீம்னு நிறைய பேர் ஒதுக்கிடுறாங்க, எனக்கு அது வருத்தம். மூணு பேர் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிறதுங்கிற இந்த கேமோட உயிர் அந்த டீம்லதான் எனக்கு நல்லா தெரிஞ்சது.

இரும்புக்கால்:

நான் கொஞ்சம் மாத்துக் கருத்து சொல்றேன், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கும் இந்த கேம் பிடிக்கும். ஆனா விழுறதுக்கு எல்லாம் விளையாடுறவங்க கைதான் காரணம்னு சொல்றது நியாயம் இல்ல. இந்த கேம்ல நீலத்துல இருக்கும்போது தரை வழுக்கும், ஸ்டிக்கை லேசா தள்ளினாலே நாலு அடி போயிடும், கேமரா வேற திடீர்னு திரும்பும். குறுகலான இடத்துல சோனிக்கை வெச்சு நடக்கவே கூடாது, சண்டை இல்லன்னா கூட நக்கிள்ஸுக்கு மாத்திட்டு நடங்க, அவர் மெதுவா கனமா நடப்பார், நிறுத்தின இடத்துல நிப்பார். மாத்துறது சண்டைக்கு மட்டும்னு நினைக்காதீங்க.

அப்புறம் நாலு டீம்லயும் அதே 14 ஸ்டேஜை மறுபடி மறுபடி ஓடணும்ங்கிறது உண்மையிலயே களைப்பு. கேயாட்டிக்ஸ் டீம்ல ஸ்டேஜை முடிக்க செய்ய வேண்டிய வேலை மாறும்னு சொல்வாங்க, மாறுது, ஆனா மிஸ்டிக் மேன்ஷன்ல 60 தீப்பந்தத்தையும் அணைக்கணும்னு ஒரு வேலை இருக்கு பாருங்க, நான் 59 அணைச்சுட்டு ஒண்ணே ஒண்ணு எங்கன்னு தெரியாம அந்த மாளிகை முழுக்க ரெண்டு சுத்து சுத்தினேன். ஃப்ராக் ஃபாரஸ்ட்ல யார் கண்ணுலயும் படாம போகணும்ங்கிறது மட்டும் அருமை, அந்த டீம்ல இருக்கிற எஸ்பியோவோட சூறாவளியை சுத்தினா இலை பறந்து ஆள் மறைஞ்சுடுவார், அந்த இடம் நல்லா யோசிச்சு செஞ்சது.

பழைய கன்சோல்காரன்:

இரும்புக்கால், வழுக்கல் விஷயத்துல உங்களோட சண்டை போட மாட்டேன், அது உண்மைதான். ஆனா அவங்க எந்த நிலைமைல இதை செஞ்சாங்கன்னும் பாக்கணும். 2001ல சேகா தங்களோட டிரீம்காஸ்ட் கன்சோலை நிறுத்திட்டாங்க, அதுக்கப்புறம் சேகாவோட சோனிக் டீம்ங்கிற ஸ்டுடியோ ஒரே நேரத்துல மூணு கன்சோலுக்குன்னு செஞ்ச முதல் சோனிக் கேம் இதுதான், தங்களோட சொந்த கேம் எஞ்சினை விட்டுட்டு ரெண்டர்வேர்ங்கிற வெளி எஞ்சின்ல செஞ்சாங்க. டைரக்டர் டகாஷி இசுகா. அதுக்கு முன்னாடி வந்த சோனிக் அட்வென்ச்சர் 2ல ஓடுற ஸ்டேஜ் தனி, ரோபோல உக்காந்து சுடுற ஸ்டேஜ் தனி, நக்கிள்ஸ் தோண்டி தேடுற ஸ்டேஜ் தனி. ஓட ஆசைப்படுறவன் தேடுற ஸ்டேஜ் முடியற வரைக்கும் காத்திருக்கணும். ஹீரோஸ்ல அந்த சுவரை இடிச்சு எல்லாத்தையும் ஒரே பாதைல கொண்டு வந்துட்டாங்க, எப்ப ஓடணும் எப்ப அடிக்கணும்னு முடிவு நம்ம விரல் நுனிக்கு வந்துடுச்சு. எனக்கு அது பெரிய விஷயமா படுது.

கேயாட்டிக்ஸ் ஆளுங்களையே எடுத்துக்கங்க, 1995ல சேகாவோட 32எக்ஸ் கருவில வந்த கேம்ல இருந்து வந்தவங்க, அதுல ரெண்டு பேரை ஒரு இழுவைக் கயிறு மாதிரி சேர்த்துக் கட்டி விட்டிருப்பாங்க, ஒருத்தர் ஓடினா இன்னொருத்தர் இழுபட்டு வருவார். சேர்ந்து போறதுங்கிற யோசனை அப்பவே இருந்திருக்கு.

மஞ்சவால் தம்பி, ஒண்ணு விட்டுட்டேன். கேடயம் வெச்சிருக்கிற ரோபோவை நக்கிள்ஸ வெச்சு குத்திட்டே இருக்காதீங்க, நீலத்துல சூறாவளி சுத்தி கேடயத்தை பிடுங்கிட்டு அப்புறம் சிவப்பு. ஆமை ரோபோவையும் அதே சூறாவளில கவுத்துப் போட்டுட்டுதான் அடிக்கணும். பறக்கிறது வந்தா மஞ்சள்ல நின்னு சுடுங்க, மின்னல் பட்டு கீழ விழும். நீலம், மஞ்சள், சிவப்பு உருண்டைங்க கிடைக்குதுல்ல, அது அந்தந்த ஆளுக்கு லெவல் ஏத்தும், 3 வரைக்கும். செக்பாயின்ட்டை, அதாவது செத்தா மறுபடி ஆரம்பிக்கிற இடத்தை தொடும்போது யார் முன்னாடி நிக்கிறாங்களோ அவங்களுக்கும் ஒரு லெவல் கிடைக்கும். பின்தங்கின ஆளை முன்னாடி விட்டுட்டு தொடுங்க.

மஞ்சவால்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நேத்து ராத்திரி ரெயில் கேன்யன் முடிஞ்சுடுச்சு!!

எப்படின்னு சொல்லியே ஆகணும். முதல்ல அண்ணா சொன்ன மாதிரி சீசைட் ஹில் மணல்ல நின்னு மாத்திப் பழகினேன், அப்ப என் தங்கச்சி பக்கத்துல உக்காந்து "மஞ்சள், சிவப்பு, நீலம், சிவப்பு"ன்னு அவ இஷ்டத்துக்கு கத்தினா, நான் அதே மாதிரி ஒரே அமுக்குல போகணும்னு வெச்சுக்கிட்டோம். முதல்ல பத்துல நாலு தப்பு, அப்புறம் ரெண்டு, அப்புறம் அவ கத்தி முடிக்கிறதுக்குள்ள கை போயிடுது. அதே மாதிரி ரெயில் கேன்யன்லயும் உக்கார வெச்சேன். எதிர்ல ரயில் வருது, பக்கத்து தண்டவாளத்துக்கு தாவினேன், மேடை வந்துச்சு, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல "சிவப்பு"ன்னு சொன்னோம். நின்னேன், மாத்தினேன், நக்கிள்ஸ் ரெண்டு பக்கமும் ரெண்டு பேரை வெச்சு அடிச்சதுல எதிர்ல நின்னது எல்லாம் போச்சு. கடைசில ஒரு இடத்துல தாவினது பத்தாம பள்ளத்துக்குள்ளயே போயிட்டேன், முடிஞ்சுதுன்னு நினைச்சப்ப அவ "மஞ்சள் மஞ்சள் மஞ்சள்"னு கத்துறா, மாத்தி பறந்து மேடையோட விளிம்புல வந்து கால் வெச்சேன். அம்மா என்னமோ ஏதோன்னு ஓடி வந்துட்டாங்க.

ஊதாப்பூனை அக்கா, டீம் ரோஸ்ல தங்கச்சி விளையாட ஆரம்பிச்சுட்டா, ஓஷன் பேலஸ்ல முதல் எமரால்ட் அவதான் எடுத்தா. ஒரு சந்தேகம், ஏமியை வெச்சு வரிசையா இருக்கிற வளையத்து மேல பாய முடியல, சோனிக்குக்கு வருது. ஏதாவது தப்பு பண்றாளா?

ஊதாப்பூனை:

அய்யோ இதை படிக்கவே அவ்ளோ சந்தோஷமா இருக்கு!! தங்கச்சி தப்பு ஒண்ணும் பண்ணல, வளையத்து மேல பாயிறது சோனிக்குக்கும், டீம் டார்க்ல இருக்கிற ஷேடோவுக்கும் மட்டும்தான் உண்டு. ரெண்டு சுவருக்கு நடுவுல ஒட்டிக்கிட்டு தாவுறதும் அப்படித்தான், அது சோனிக், ஷேடோ, எஸ்பியோ மூணு பேருக்குத்தான். ரோஸ் டீம் பாதைல அது தேவைப்படாத மாதிரிதான் வெச்சிருப்பாங்க, வழி தெரியலன்னா க்ரீமை முன்னாடி விட்டு மேல பறந்து பாக்கச் சொல்லுங்க.

இரும்புக்கால்:

வாழ்த்துகள் மஞ்சவால். அந்த "மஞ்சள் மஞ்சள்" கூப்பாடு லாஸ்ட் ஜங்கிள்லயும் வேணும், கடைசில பெரிய முதலை துரத்தும்போது கொடி விட்டு கொடி தாவணும், என்னை ரொம்ப தடவை கொன்ன இடம் அது. தங்கச்சியை அன்னைக்கு தூங்க விடாதீங்க.